மேட்டூர் மதகில் சுழி அடங்கிவிடுகிறது. சூரியக் காற்றில் அது எங்கே அடங்குகிறது?

மேட்டூர்க்கரை:

அனைவருக்கும் வணக்கம். மேட்டூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். அணை நிரம்பி 16 கண் மதகு திறக்கப்பட்ட ஒரு நாளில் மாணவர்களை அழைத்துச் சென்று, பாதுகாப்பான தொலைவில் நின்று நீரோட்டத்தைக் காட்டினேன். மதகின் அடியில் வீட்டு உயரத்துக்குப் புரண்டெழும் நீர், சற்றுத் தள்ளி ஆளை விழுங்கும் சுழிகளாகவும், இன்னும் கீழே கரையோரத்தில் உள்ளங்கை அளவுச் சுழிகளாகவும் உடைந்து, பிறகு கண்ணுக்கே தெரியாமல் அடங்கிவிடுவதை எல்லோரும் பார்த்தார்கள். பெரிய சுழி தன் ஆற்றலைச் சிறிய சுழிக்குக் கொடுக்கிறது, அது இன்னும் சிறியதற்குக் கொடுக்கிறது, மில்லிமீட்டருக்கும் கீழான அளவுக்கு வந்ததும் நீரின் பாகுநிலை அதைப் பிடித்து வெப்பமாக்கிவிடுகிறது என்று விளக்கினேன். 120 அடி உயரத்திலிருந்து விழுந்த நீர் அந்த ஆற்றல் முழுவதையும் வெப்பமாக்கிக்கொண்டாலும் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குகூடச் சூடேறாது என்பதைக் கரும்பலகையில் கணக்கிட்டும் காட்டினேன்.

மறுநாள், சூரியனிலிருந்து இடைவிடாமல் வெளியே வீசும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டமான சூரியக் காற்றிலும் இதே போன்ற கொந்தளிப்பு இருக்கிறது என்று சொன்னபோது, ஒரு மாணவி எழுந்து, "தண்ணீரில் துளியும் துளியும் உரசுவதால் சுழி அடங்குகிறது. விண்வெளியில் துகளும் துகளும் மோதுவதே அரிது என்கிறீர்களே, அங்கே கடைசிச் சுழியை யார் அடக்குவார்கள்?" என்று கேட்டாள். எனக்கு நிறைவான விடை தெரியவில்லை. தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்க வேண்டுகிறேன்.

சேர்வராயன் சரிவு:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். இப்போது ஏற்காட்டில் குடும்பத்தின் காபித் தோட்டத்தைக் கவனித்துக்கொள்கிறேன். அதற்கு முன் பல ஆண்டுகள் பிளாஸ்மா ஆய்வில் இருந்தேன்; அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து நிற்கும் மின்னூட்ட வாயுவைத்தான் பிளாஸ்மா என்கிறோம், சூரியக் காற்றும் அதுவே. உங்கள் மாணவி கேட்டது இந்தத் துறையின் நடுக் கேள்வி. அதனால் அவசரப்படாமல் படிப்படியாகப் போவோம்.

புவிக்கு அருகில் சூரியக் காற்று நொடிக்கு ஏறக்குறைய 400 கி.மீ. வேகத்தில் வீசுகிறது. ஒரு கன சென்டிமீட்டரில் ஐந்தாறு புரோட்டான்களும் அதே எண்ணிக்கையில் எலக்ட்ரான்களும் இருந்தால் அதுவே வழக்கமான அளவு. ஒரு புரோட்டான் இன்னொன்றுடன் குறிப்பிடத்தக்க அளவில் மோதிக்கொள்வதற்குள், சூரியனுக்கும் புவிக்கும் இடையிலான தொலைவை ஒட்டிய தூரம் பயணம் செய்துவிடுகிறது. ஆகவே நீருக்கு உள்ளதைப் போன்ற பாகுநிலை அங்கே இல்லை என்று மாணவி சொன்னது முற்றிலும் சரி.

ஆனால் அங்கே காந்தப்புலம் இருக்கிறது. அதன் வலிமை 5 நானோடெஸ்லாவை ஒட்டியது. சேலத்தில் நம் காலடியில் உள்ள புவிக் காந்தப்புலத்தில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான். அவ்வளவு மெலிந்த புலமும்கூட ஒவ்வொரு புரோட்டானையும் ஏறக்குறைய 100 கி.மீ. ஆரமுள்ள வட்டத்தில் சுற்றவைக்கிறது. சேலத்திலிருந்து கரூர் போகும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள பெரிய சுழிகளோ பத்து லட்சம் கி.மீ. அளவிலானவை. இந்த இரண்டு அளவுகளுக்கும் நடுவேதான் கதை முழுவதும் நடக்கிறது.

ஐந்துரோடு பட்டறை:

நான் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன், படிப்பு ஐ.டி.ஐ. வரைதான். ஆர்க் என்பதும் பிளாஸ்மாதான் என்று படித்திருக்கிறேன். டி.சி. மெஷினில் கனத்த தகட்டின் ஓரத்தில் ராடு ஓட்டும்போது ஆர்க் நேராக நிற்காமல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். உருகிய உலோகம் தெறிக்கும். எர்த் கிளாம்பை இடம் மாற்றிக் கடித்தாலோ ஏ.சி.க்கு மாற்றினாலோ சரியாகிவிடும். அதற்குக் காரணம் காந்தம்தான் என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொல்வார். நீங்கள் பேசுவதும் இதுவும் ஒன்றா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

சேர்வராயன் சரிவு:

பட்டறைத் தம்பி சொன்னது அருமையான எடுத்துக்காட்டு. மின்னோட்டம் பாயும் பிளாஸ்மாவைக் காந்தப்புலம் தள்ளும் என்பது உங்கள் ராடு நுனியிலும் சூரியக் காற்றிலும் ஒரே விதி. ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் வையுங்கள். உங்கள் ஆர்க் வளிமண்டல அழுத்தத்தில் எரிகிறது. அதிலுள்ள துகள்கள் ஒவ்வொரு நொடியும் எண்ணற்ற முறை மோதிக்கொள்கின்றன. ஆகவே அது அசைவின் ஆற்றலை மோதலாலேயே வெப்பமாக்கிவிடும். மாணவியின் கேள்வி உங்கள் ஆர்க்குக்குப் பொருந்தாது, சூரியக் காற்றுக்கு மட்டுமே பொருந்தும்.

அம்மாப்பேட்டைத் தறி:

வணக்கம். முதுகலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீட்டில் தறி ஓடுகிறது. காந்தப்புலக் கோடுகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பாவு நூல்தான் நினைவுக்கு வரும். பாவை இழுத்துக் கட்டிய பிறகு ஓர் இழையை நடுவில் வளைக்க வேண்டுமானால் அதன் இழுவிசையை எதிர்த்துத்தான் வளைக்க முடியும். விட்டவுடன் அது அதிர்ந்துகொண்டு நேராகிவிடும். இந்த அதிர்வுதான் ஆல்வேன் அலை என்று புரிந்துகொண்டிருக்கிறேன். சரியா அம்மா?

அதோடு ஒரு சிறு முயற்சியும் செய்தேன். 1994 இல் ஏவப்பட்ட விண்ட் செயற்கைக்கோளின் காந்தப்புல அளவீடுகள் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும் வகையில் கிடைக்கின்றன. அவற்றில் 3 நொடிக்கு ஒரு முறை எடுத்த அளவீடுகளை, 2024 மே 9 முதல் 11 வரை மூன்று நாள்களுக்கு எடுத்து ஆற்றல் நிறமாலை, அதாவது பெரிய சுழியிலிருந்து சிறிய சுழி வரை ஒவ்வோர் அளவிலும் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று காட்டும் கோடு, வரைந்தேன். அந்தக் கோட்டின் சாய்வு, புத்தகத்தில் உள்ள -5/3, அதாவது -1.67, வரும் என்று எதிர்பார்த்தேன், எனக்கு -1.9 க்கு அருகில் வந்தது. நிரலை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன், தவறு பிடிபடவில்லை.

சேர்வராயன் சரிவு:

பாவு நூல் உவமை மிகச் சரியானது, தங்கச்சி. அந்த அலை இருக்க வேண்டும் என்று ஹான்னஸ் ஆல்வேன் 1942 இல் எழுதினார். காந்தப் பாய்ம இயக்கவியலில் செய்த பணிக்காக 1970 இல் நோபல் பரிசு பெற்றார். உன் உவமையை இன்னும் ஓர் அடி நீட்டலாம். இழையை வளைப்பதற்குத்தான் விலை கொடுக்க வேண்டும். இழைகளை வளைக்காமல் ஒன்றையொன்று சுற்றிப் பக்கவாட்டில் இடம்மாற்றினால் விலை குறைவு. அதனால் காந்தப்புலம் வலுவாக உள்ள பிளாஸ்மாவில் கொந்தளிப்பு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சுழிகள் புலத்தின் நெடுக்கே நீண்டும் குறுக்கே ஒடுங்கியும் கிடக்கும். சிறிதாகச் சிறிதாக அந்த நீட்சி விகிதம் இன்னும் கூடும். மதகடி நீரில் இது கிடையாது.

நீரோட்டத்துக்குக் கொல்மொகொரோவ் 1941 இல் -5/3 என்ற சாய்வைக் கண்டார். காந்தப்புலம் உள்ள பாய்மத்துக்கு இரோஷ்னிகோவ் 1963 இலும் கிரெய்ச்னன் 1965 இலும் தனித்தனியே -3/2 என்றார்கள். எதிரெதிரே செல்லும் இரண்டு ஆல்வேன் அலைப்பொட்டலங்கள் சந்திக்கும்போதுதான் ஒன்றையொன்று உடைக்க முடியும், ஒரே திசையில் போகும் அலைகள் ஒன்றையொன்று தீண்டுவதில்லை என்பது அவர்களுடைய ஆழமான கருத்து. அது இன்றும் நிற்கிறது. ஆனால் சுழிகள் எல்லாத் திசையிலும் ஒரே வடிவம் என்று அவர்கள் கொண்டது நிற்கவில்லை. 1995 இல் கோல்ட்ரைக்கும் ஸ்ரீதரும் திசைச்சார்பைக் கணக்கில் கொண்டுவந்தார்கள்: அலை ஒன்று புலத்தின் நெடுக்கே கடக்கும் நேரமும் சுழி ஒன்று குறுக்கே புரளும் நேரமும் ஒவ்வோர் அளவிலும் சமமாகிவிடும் என்பது அவர்களுடைய ஊகம். அதிலிருந்து குறுக்குத் திசையில் மறுபடியும் -5/3 வந்தது. பத்தாண்டு கழித்து போல்டிரேவ், வேகமும் புலமும் ஒன்றையொன்று ஒட்டித் திரும்புவதைச் சேர்த்துக் கணக்கிட்டு மீண்டும் -3/2 க்கே வந்தார். புவிக்கு அருகில் காந்தப்புல நிறமாலை பெரும்பாலும் -5/3 ஐ ஒட்டியிருக்கிறது. 2018 இல் புறப்பட்ட பார்க்கர் விண்கலம் சூரியனை நெருங்கியபோது அது -3/2 ஐ நோக்கி நகர்ந்திருப்பதைக் கண்டது. இந்த நகர்வுக்கு எது காரணம் என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

இனி உன் -1.9. உன் நிரல் சரியாகத்தான் இருக்கும். தேர்ந்தெடுத்த நாள்தான் சரியில்லை. 2024 மே 10 இரவு என்ன நடந்தது என்று எண்ணிப் பார். லடாக்கின் ஹான்லேயில் செந்நிறத் துருவ ஒளியைப் படமெடுத்தார்களே, அந்தப் பெரும் சூரியப் புயலின் அதிர்ச்சி அலைமுகம் உன் அளவீட்டின் நடுவே இருக்கிறது. ஒரே நொடியில் புலம் எகிறி நிற்கும் ஒரு படிக்கட்டு, தன்னந்தனியாகவே -2 சாய்வைத் தரும். கொந்தளிப்பும் படிக்கட்டும் கலந்துதான் உனக்கு -1.9 கிடைத்தது. அதிர்ச்சி இல்லாத அமைதியான ஒரு நாளை எடுத்துக்கொண்டு மறுபடியும் செய்து பார்.

காந்திநகர்ச் சேலத்தான்:

அம்மா சொன்ன திசைச்சார்பு, அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் பெற முயலும் இணைவு ஆராய்ச்சியில் உயிர்நிலையான செய்தி என்பதால் சில வரிகள் எழுத விரும்புகிறேன். சொந்த ஊர் சூரமங்கலம்; இப்போது குஜராத்தில் பணி. காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் 1989 முதல் ஆதித்யா என்னும் டோக்காமாக், அதாவது பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் வளைய வடிவில் அடைத்துவைக்கும் கருவி, இயங்கியது. 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 விண்கலத்துடன் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெயர் ஒன்று, பொருள் வேறு.

டோக்காமாக்கில் காந்தப்புலம் பிளாஸ்மாவைச் சுவரில் படாமல் நிறுத்திவைக்கிறது. மோதலால் மட்டும் வெப்பம் வெளியேறினால் இணைவு உலை எப்போதோ சிறிய அளவிலேயே கைகூடியிருக்கும். நடுவே கோடிக்கணக்கான டிகிரி, விளிம்பில் மிகக் குறைவு என்ற அந்தச் சரிவே புலத்தின் குறுக்கே நகரும் அலைகளை எழுப்பி, அவை கொந்தளிப்பாகி, வெப்பத்தைப் புலத்தின் குறுக்கே கடத்திக்கொண்டு போய்விடுகிறது. ஆதித்யாவின் விளிம்பில் இந்தக் கொந்தளிப்பு சீராக வராமல் விட்டுவிட்டுத் திடீர் வெடிப்புகளாக வருவதை 1990களின் தொடக்கத்திலேயே அளந்தார்கள்.

1982 இல் ஜெர்மனியின் அஸ்டெக்ஸ் கருவியில் ஃபிரிட்ஸ் வாக்னர் கண்டது எங்கள் துறைக்கு ஒரு திருப்பம். வெப்பமூட்டலைக் கூட்டிக்கொண்டே போனபோது, ஒரு கட்டத்தில் விளிம்பிலிருந்த கொந்தளிப்பு சட்டென்று அடங்கி, பிளாஸ்மா ஆற்றலைத் தக்கவைக்கும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பானது. அருகருகே உள்ள அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் ஓடும்போது நீண்ட சுழிகள் கத்தரிக்கப்பட்டுவிடுகின்றன என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். கொந்தளிப்பே இப்படிப்பட்ட ஓட்டங்களை உருவாக்கித் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளவும் செய்கிறது.

மேட்டூர்க்கரை:

எல்லாமே பயனுள்ள செய்திகள், நன்றி. ஆனால் மாணவியின் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. சாய்வு -5/3 ஆனாலும் -3/2 ஆனாலும், பெரிய சுழியிலிருந்து சிறிய சுழிக்கு ஆற்றல் இறங்கிவரும் படிக்கட்டின் கடைசிப் படியில் யார் நிற்கிறார்கள்?

சேர்வராயன் சரிவு:

கேட்டது நியாயம். முதலில், ஆற்றல் உண்மையிலேயே அங்கே வெப்பமாகிறது என்பதற்கான சான்றைச் சொல்கிறேன். சூரியக் காற்று விரிந்துகொண்டே போகிறது. விரியும் வாயு குளிர வேண்டும். வேறு வெப்பமே சேராவிட்டால், தொலைவு 8 மடங்காகும்போது வெப்பநிலை 16 இல் ஒரு பங்காகக் குறைய வேண்டும் என்பது எளிய கணக்கு. அளந்து பார்த்தால் புரோட்டான்கள் அவ்வளவு விரைவாகக் குளிர்வதில்லை. புவிக்கு அருகிலும் அவை ஒரு லட்சம் டிகிரியை ஒட்டியே இருக்கின்றன. வழி நெடுகிலும் யாரோ அடுப்பை ஊதிக்கொண்டே வருகிறார்கள். கொந்தளிப்பில் இறங்கிவரும் ஆற்றல் அந்த வெப்பத்துக்குப் போதுமானது.

இனிக் கடைசிப் படி. சுழியின் குறுக்களவு புரோட்டான் சுற்றும் அந்த 100 கி.மீ. வட்டத்துக்கு இறங்கியதும், பிளாஸ்மாவை ஒரே பாய்மமாகக் கருதும் கணக்கு முறிந்துவிடுகிறது. புரோட்டான்களால் புலத்தின் நெளிவைப் பின்தொடர முடிவதில்லை. எலக்ட்ரான்கள் மட்டும் தொடர்கின்றன. நிறமாலைக் கோடு அங்கே முறிந்து, -2.8 ஐ ஒட்டிய செங்குத்தான சாய்வில் இறங்குகிறது. அங்கிருந்து துகள்கள் அலையிடமிருந்து நேரடியாக ஆற்றலைப் பறிக்கும் வழிகள் திறக்கின்றன.

அவற்றில் ஒன்றை லாண்டாவ் 1946 இல் கண்டார். நகரத் தொடங்கிவிட்ட பேருந்தில் ஏறுபவரை எண்ணிப் பாருங்கள். நின்றபடி கைப்பிடியைப் பிடித்தால் பிடி நழுவும். பேருந்தை விடச் சற்றே மெதுவாக ஓடிப் பிடிப்பவரைத்தான் பேருந்து இழுத்துத் தன் வேகத்துக்குக் கொண்டுவரும். அதேபோல் அலையின் வேகத்தை ஒட்டி ஓடும் துகள்கள் மட்டுமே அலையுடன் ஆற்றலைப் பரிமாறிக்கொள்ள முடியும். சற்று மெதுவானவை அலையிடமிருந்து வாங்குகின்றன, சற்று வேகமானவை அலைக்குக் கொடுக்கின்றன. எந்த வெப்பப் பரவலிலும் மெதுவான துகள்களே அதிகம் என்பதால் கணக்கு முடிவில் அலைக்கு நட்டம். மோதல் ஒன்றுகூட இல்லாமல் அலை தேய்ந்துவிடுகிறது. 2015 இல் ஏவப்பட்ட எம்.எம்.எஸ். என்னும் நான்கு விண்கலங்கள், புவியின் காந்தக் கவசத்துக்கு முன்னால் உள்ள கொந்தளிப்பில் எலக்ட்ரான்கள் இப்படி ஆற்றல் பெறும் தடயத்தைப் பதிவு செய்தன. அதன் ஆய்வு முடிவு 2019 இல் வெளியாயிற்று.

இன்னொரு வழியும் உண்டு. சுழிகள் ஒன்றையொன்று நெருக்கும் இடங்களில் மெல்லிய மின்னோட்டத் தாள்கள் உருவாகி, அங்கே எதிரெதிர்ப் புலக் கோடுகள் அறுந்து வேறு விதமாக இணைகின்றன. அந்த இடங்களில் ஆற்றல் துகள்களுக்குத் தாவுகிறது. எம்.எம்.எஸ். தரவில், புரோட்டான்கள் பங்கெடுக்காமல் எலக்ட்ரான்கள் மட்டுமே ஈடுபடும் மிகச் சிறிய மீளிணைப்புகளை 2018 இல் அறிவித்தார்கள். எந்த வழிக்கு எவ்வளவு பங்கு என்பதில்தான் இப்போது கருத்து வேறுபாடு.

கஞ்சமலை:

ஒரு மறுப்பு. மோதல் இல்லாவிட்டால் இயக்கம் முழுவதும் பின்னோக்கித் திருப்பக்கூடியது. திருப்பக்கூடிய இயக்கத்தில் வெப்பம் என்ற சொல்லுக்கே இடமில்லை. லாண்டாவ் தேய்வில் அலையின் ஆற்றல் ஒளிந்துகொள்கிறதே ஒழிய வெப்பமாகிவிடவில்லை. அதை வெப்பம் என்று மாணவர்களுக்குச் சொல்வது சரியா?

சேர்வராயன் சரிவு:

மிக நேர்மையான மறுப்பு, ஐயா. என் வாக்கியத்தைத் திருத்திக்கொள்கிறேன். லாண்டாவ் தேய்வில் அலையின் ஒழுங்கு, துகள்களின் வேகப் பரவலில் நுண்ணிய வரிகளாகப் போய் மறைகிறது. காலம் போகப் போக அந்த வரிகள் மேலும் நெருக்கமாகின்றன. வரிகள் எவ்வளவு நெருக்கமோ, அவற்றை அழிக்க அவ்வளவு குறைவான மோதலே போதும். ஆக, இடத்தில் நடந்த படியிறக்கம் வேகத்திலும் தொடர்கிறது. மிக அரிதான மோதல்களே இறுதியில் அதை மீட்க முடியாத வெப்பமாக்குகின்றன. மாணவியிடம், "அங்கும் கடைசியில் அடக்குவது மோதல்தான், ஆனால் மோதலிடம் போய்ச் சேரும் பாதையைக் காந்தப்புலமும் அலைகளும் அமைத்துக்கொடுக்கின்றன" என்று சொன்னால் பிழை இல்லை.

இங்கே தோட்டத்தில் விடியற்காலையில் சில்வர் ஓக் மரங்களின் இடையே மூடுபனி இறங்குவதைத் தினமும் பார்க்கிறேன். மரத்தைச் சுற்றிப் பனி கிழிந்து இழை இழையாகி, ஓர் இழை எங்கே முடிந்து இன்னொன்று எங்கே தொடங்குகிறது என்றே சொல்ல முடியாமல் போகும். அந்த நுண்வரிகளைப் பற்றி நினைக்கும்போது எனக்கு அந்தக் காட்சிதான் வரும்.

காந்திநகர்ச் சேலத்தான்:

இதைத் தரையிலிருந்தே பார்க்கும் ஒரு கருவி நம் மாநிலத்திலேயே இருக்கிறது என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள், ஆசிரியர் ஐயா. கோவிந்த் ஸ்வரூப் வடிவமைத்து 1970 இல் இயங்கத் தொடங்கிய ஊட்டி வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. அகலாங்குக்கு ஈடாக ஏறக்குறைய 11 பாகை சாய்ந்த மலைச்சரிவில் வடக்குத் தெற்காகக் கட்டியதால், அதன் அச்சு புவியின் சுழலச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே அச்சில் திருப்பினாலே விண்பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். தொலைவிலுள்ள வானொலி மூலங்கள், சூரியக் காற்றின் அடர்த்தி ஏற்றத்தாழ்வுகள் குறுக்கே போகும்போது விண்மீன்போல மினுங்குகின்றன. அந்த மினுக்கத்திலிருந்து காற்றின் வேகத்தையும் கொந்தளிப்பின் அளவையும் கணிக்கிறார்கள். விண்கலம் போகாத இடங்களையும் இப்படி அளக்க முடிகிறது.

அம்மாப்பேட்டைத் தறி:

அம்மா சொன்னபடி அதிர்ச்சி இல்லாத நாள் ஒன்றை எடுத்துச் செய்தேன். சாய்வு இப்போது -1.66 வந்திருக்கிறது; ஆனால் கோடு பொருத்தும் எல்லைகளைச் சற்று மாற்றினால் -1.6 முதல் -1.7 வரை ஆடுகிறது. முறிவைப் பார்க்கும் ஆசையில், 3 நொடித் தரவை விட்டுவிட்டு நொடிக்கு ஏறக்குறைய 11 முறை அளந்த தரவை எடுத்தேன். நொடிக்கு அரை அதிர்வை ஒட்டிக் கோடு கீழே வளைவது தெளிவாகத் தெரிகிறது. வளைவுக்கு அருகே 0.33 ஹெர்ட்ஸில் ஊசிபோல ஒரு முகடு நிற்கிறது. அது அயனிச் சுழல் அலையாக, அதாவது புரோட்டான்கள் புலத்தைச் சுற்றிவரும் அதிர்வெண்ணை ஒட்டிய அலையாக, இருக்குமா? இரவு முழுவதும் தூக்கம் வரவில்லை.

சேர்வராயன் சரிவு:

நன்றாகச் செய்திருக்கிறாய், தங்கச்சி. 3 நொடித் தரவு நொடிக்கு ஆறில் ஒரு அதிர்வுக்கு மேல் எதையும் காட்டாது என்பதை நீயே உணர்ந்து மாற்றியது பெரிய விஷயம். அந்த ஊசிமுகடு அலை இல்லை. விண்ட் விண்கலம் நிமிடத்துக்கு 20 முறை தன்னைத் தானே சுற்றுகிறது, அதாவது 3 நொடிக்கு ஒரு சுற்று. அதன் அதிர்வெண் 0.33 தான். சுழற்சியின் தடம் அளவீட்டில் முழுமையாக நீங்காமல் எஞ்சியிருக்கிறது. அதன் இரட்டையான 0.67 இலும் சிறு முகடு இருக்கிறதா என்று பார். இருந்தால் ஐயமே இல்லை. இன்னும் மேலே போனால் கோடு இறங்குவதை நிறுத்திச் சமமாக ஓடலாம். அது கருவியின் இரைச்சல், இயற்கை அல்ல. ஒரே ஒரு நாளின் தரவை வைத்துக்கொண்டு -5/3 வென்றது, -3/2 தோற்றது என்றும் எழுதிவிடாதே. இரண்டுக்கும் இடையே 0.17 தான் வேறுபாடு, உன் கோடே 0.1 அளவுக்கு ஆடுகிறது.

அம்மாப்பேட்டைத் தறி:

0.67 இலும் இருக்கிறது, அம்மா. இரண்டையும் நீக்கிவிட்டுப் படத்தை மறுபடியும் வரைந்துவிட்டேன். ஆசிரியர் ஐயா விரும்பினால் வகுப்புக்கு அனுப்புகிறேன்.

மேட்டூர்க்கரை:

படத்தை அச்செடுத்து வகுப்பில் காட்டினேன். தம்பியின் ஆர்க்கையும் பாவு நூலையும் பேருந்தையும் சொன்னேன். அந்த மாணவி வளைவின் மேல் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, இதற்குக் கீழே இறங்கும் ஆற்றலில் புரோட்டானுக்கு எவ்வளவு, எலக்ட்ரானுக்கு எவ்வளவு என்று கேட்கிறாள்.

சேர்வராயன் சரிவு:

அது பிளாஸ்மாவின் வெப்ப அழுத்தத்துக்கும் காந்த அழுத்தத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. அந்த விகிதத்தைப் பீட்டா என்பார்கள். பீட்டா மிகக் குறைவாக, காந்தத்தின் கை ஓங்கியிருந்தால், ஆல்வேன் அலைகளின் கொந்தளிப்பு பெரும்பாலும் எலக்ட்ரான்களைச் சூடாக்குகிறது. பீட்டா கூடினால் அயனிகளுக்கு, அதாவது இங்கே புரோட்டான்களுக்கு, பங்கு கூடுகிறது. 2019 இல் வெளியான கணினிப் பாவனைகள் இதைத் தெளிவாகக் காட்டின. புவிக்கு அருகே சூரியக் காற்றில் பீட்டா ஒன்றை ஒட்டியிருப்பதால் இரண்டுக்குமே கணிசமான பங்கு உண்டு. கருந்துளையைச் சுற்றும் வாயுவட்டில் எலக்ட்ரான்களுக்கு எவ்வளவு ஆற்றல் கிடைக்கிறது என்பதும் இந்தக் கணக்கையே நம்பியிருக்கிறது, ஏனென்றால் நாம் காணும் ஒளியை வீசுவது அந்த எலக்ட்ரான்கள்தாம். வட்டில் கொந்தளிப்பை எழுப்பும் நிலைகுலைவை வெலிகோவ் 1959 இலும், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் சந்திரசேகர் 1960 இலும் கணித்திருந்தார்கள். அதை வாயுவட்டுகளுக்குப் பொருத்திக் காட்டியவர்கள் பால்பஸும் ஹாலியும், 1991 இல். மாணவிக்கு விருப்பமிருந்தால், விடுமுறையில் பெற்றோருடன் ஏற்காட்டுக்கு வரச் சொல்லுங்கள். பீட்டாவைக் கணக்கிடுவது எப்படி என்று உட்கார்ந்து சொல்லித்தருகிறேன். புலம் 5 நானோடெஸ்லா, அடர்த்தி 5, வெப்பநிலை ஒரு லட்சம் என்ற மூன்று எண்களும் அவளிடம் ஏற்கெனவே இருக்கின்றன.